பாக்கெட் போய்ச் சேர்ந்ததா? கிளவுட் நெட்வொர்க் மென்பொருளைச் சோதிக்கும் வழிகள்

2019 மார்ச்சில் ஓப்பன்ஸ்டாக் திட்டம் ஒரு பாதுகாப்புக் குறையை அறிவித்தது. சிவிஇ-2019-9735 என்ற எண்ணில் பதிவான அந்தக் குறை நியூட்ரான் என்னும் நெட்வொர்க் மென்பொருளில் இருந்தது. ஒரு வாடிக்கையாளர் தன் விஎம்களுக்கான பாதுகாப்பு விதியில் விஆர்ஆர்பி நெறிமுறையைக் குறிப்பிட்டு, கூடவே ஒரு போர்ட் எண்ணையும் கொடுக்கிறார். விஆர்ஆர்பிக்குப் போர்ட் என்ற ஒன்றே கிடையாது. நியூட்ரானின் ஏபிஐ அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. ஹோஸ்டில் ஓடும் ஏஜெண்ட் அதை லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸுக்குரிய வரியாக எழுதியது. ஐபிடேபிள்ஸ் அந்த வரியை ஏற்க மறுத்தது. இத்துடன் போயிருந்தால் பரவாயில்லை. விதிகள் கட்டாகத்தான் கெர்னலுக்குள் போகின்றன. ஒரு வரி பிழையானால் கட்டு முழுவதும் திரும்பி வந்துவிடும். ஆகவே அதே ஹோஸ்டில் குடியிருக்கும் மற்ற வாடிக்கையாளர்களின் புதிய விதிகளும் அமலாகாமல் நின்றுபோயின.

இந்தக் குறையை எந்த வகைச் சோதனை முன்கூட்டியே பிடித்திருக்கும்? ஏஜெண்ட் எழுதும் வரி எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்க்கும் யூனிட் சோதனை பச்சை விளக்குதான் காட்டும். எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுவது மட்டுமே அதன் வேலை. ஒரு முழு கிளவுடையே நிறுவி, விஎம்களைக் கிளப்பி, பிங் அடித்துப் பார்க்கும் பெரிய சோதனைக்கும் வாய்ப்புக் குறைவு. அவ்வளவு செலவுபிடிக்கும் இடத்தில் விஆர்ஆர்பியையும் போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கிற அளவுக்கு விதவிதமான சேர்க்கைகளை யாரும் எழுதமாட்டார்கள். பிடித்திருக்கக்கூடியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: நிஜமான லினக்ஸ் கெர்னல், நிஜமான ஐபிடேபிள்ஸ், மற்றதெல்லாம் பொம்மை. இந்தத் துறையில் முயன்று பார்க்கப்பட்ட வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இந்த நடு அடுக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது பொய் சொல்லும் இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

ஓப்பன்ஸ்டாக்கை உதாரணமாக எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதன் நிரல் மட்டுமின்றி, சோதனைகளும், அவை ஓடும் ஏற்பாடும், தோற்ற ஓட்டங்களின் பதிவுகளும்கூடப் பொதுவெளியில் கிடக்கின்றன. பெரிய வணிக கிளவுடுகள் உள்ளே என்ன செய்கின்றன என்பது அவர்கள் எழுதும் ஆய்வுத்தாள்கள் காட்டும் அளவுக்கே நமக்குத் தெரியும். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்கில் முதலில் நெட்வொர்க் வேலையும் விஎம்களை நிர்வகிக்கும் நோவாவுக்குள்ளேயே இருந்தது. 2012 செப்டம்பரில் வந்த ஃபோல்சம் வெளியீட்டில் குவாண்டம் என்ற தனித் திட்டம் அந்த வேலைக்காக மையத் திட்டங்களுள் சேர்ந்தது. அந்தப் பெயருக்கு வணிகச் சின்னத் தகராறு வந்ததால் 2013இல் நியூட்ரான் என்று மாற்றினார்கள்.

ஒரு பயனர் நியூட்ரானிடம் "எனக்கு ஒரு போர்ட் வேண்டும்" என்று, அதாவது விஎம்முக்கு ஒரு நெட்வொர்க் இணைப்புமுனையை, கேட்டால் என்ன நடக்கிறது? சர்வர் தரவுத்தளத்தில் ஒரு வரிசையை எழுதுகிறது. ராபிட்எம்க்யூ என்ற செய்தித் தரகர் வழியாக ஒவ்வொரு ஹோஸ்டிலும் உள்ள ஏஜெண்டுக்குச் செய்தி போகிறது. ஏஜெண்ட் மென்பொருள் ஸ்விட்சான ஓப்பன் விஸ்விட்ச்சில் ஓட்ட விதிகளை எழுதுகிறது, ஐபிடேபிள்ஸை மாற்றுகிறது. இன்னொரு ஏஜெண்ட் டிஎன்எஸ்மாஸ்க்கைக் கிளப்பி டிஎச்சிபி முகவரி கொடுக்கிறது. மூன்றாவது ஒன்று ரூட்டராகச் செயல்பட ஒரு நேம்ஸ்பேஸை உருவாக்குகிறது. இத்தனை கைகள் மாறியபின் பாக்கெட் போகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது இவை எதுவும் இல்லை, கெர்னல்தான். தரவுத்தளத்தில் போர்ட்டின் நிலை "ஆக்டிவ்" என்று இருக்கும், ஏபிஐ 200 என்று பதில் சொல்லும், எல்லாப் பதிவுகளும் சுத்தமாக இருக்கும், பாக்கெட் மட்டும் போகாது. நெட்வொர்க் மென்பொருளைச் சோதிப்பது வலைத்தளத்தைச் சோதிப்பதிலிருந்து விலகுவது இந்த இடத்தில். வலைத்தளத்தில் ஏபிஐயின் பதிலே விளைபொருள். இங்கே ஏபிஐயின் பதில் ஒரு வாக்குறுதி மட்டுமே.

யூனிட் சோதனைகளை நான் குறைத்துப் பேசவில்லை. முகவரிக் கணக்கு, சப்நெட் மோதல், அனுமதிச் சரிபார்ப்பு போன்ற தர்க்கங்களுக்கு அவைதான் சரியான இடம். பல ஆயிரம் சோதனைகள் சில நிமிடங்களில் ஓடி முடியும். சிக்கல், கெர்னலோடு பேசும் இடங்களில் மாக் என்னும் போலியை வைக்கும்போது தொடங்குகிறது. ஜாதகம் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டுப் பெண்ணும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே முகூர்த்தம் குறிப்பதுபோல, "இந்தக் கட்டளை இந்த வாதங்களோடு அழைக்கப்பட்டது" என்பதை மட்டும் உறுதிசெய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கட்டளை செல்லுமா என்பதை யாரும் கேட்கவில்லை. இதைவிட மோசமானது, நிரலை யாராவது நல்லவிதமாகத் திருத்தி அமைத்தாலும் இந்தச் சோதனைகள் உடைவது. நடத்தை மாறாமல் அழைக்கும் வரிசை மட்டும் மாறியிருக்கும். நாற்பது சோதனைகள் சிவப்பாகும்.

நடு அடுக்கைச் சாத்தியமாக்கியது லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலிலிருந்து படிப்படியாக உள்ளே வந்த வசதி அது. ஒரே கெர்னலுக்குள் தனித்தனி இடைமுகங்கள், தனித்தனி ரூட்டிங் அட்டவணைகள், தனித்தனி ஃபயர்வால் விதிகள் கொண்ட பல உலகங்களை உருவாக்கலாம்; அவற்றை வெத் என்னும் இரட்டை முனைக் கம்பியால் இணைக்கலாம். 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த மினிநெட் இதை வைத்துத்தான் ஒரு மடிக்கணினிக்குள் முழு நெட்வொர்க்கையே ஓட்டிக் காட்டியது. அந்த ஆராய்ச்சிக் கருவி காட்டிய வழியில்தான் இன்றைய நெட்வொர்க் சோதனைகளில் பெரும்பகுதி நடக்கிறது என்றால் அது மிகையாகாது. ஒரு நேம்ஸ்பேஸ் உருவாகச் சில மில்லிவினாடிகள் போதும். விஎம் எழுந்து நிற்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும்.

நியூட்ரானில் இந்த நடு அடுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முதலாவது ஃபங்ஷனல் சோதனை: ஒரே ஒரு பகுதி, எடுத்துக்காட்டாக ஃபயர்வால் டிரைவர், நிஜமான கெர்னலோடு மோதவிடப்படும். ரூட் அனுமதி வேண்டும். ஆகவே சொந்தக் கணினியில் ஓட்டப் பலரும் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதே. இரண்டாவது ஃபுல்ஸ்டாக். பெயரைக் கேட்டு முழு ஓப்பன்ஸ்டாக் என்று நினைத்துவிட வேண்டாம். நியூட்ரான் மட்டும்தான் முழுதாக ஓடும். சோதனையே நியூட்ரான் சர்வரைக் கிளப்பும், ஏஜெண்டுகளைக் கிளப்பும். கீஸ்டோன் கிடையாது, சர்வர் அடையாளச் சரிபார்ப்பில்லாமல் ஓடும். நோவாவும் கிடையாது, விஎம்மின் இடத்தில் ஒரு நேம்ஸ்பேஸ் நின்று பிங் அடிக்கும். எத்தனை ஹோஸ்டுகள், எந்த ஏஜெண்டுகள் என்பதை ஒவ்வொரு சோதனையும் தானே சொல்லிக்கொள்ளும். மூன்று ஹோஸ்ட் வேண்டுமானால் ஒரே இயந்திரத்தில் ஏஜெண்டை மூன்று முறை, மூன்று வெவ்வேறு ஹோஸ்ட் பெயர்களோடு ஓட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பிரிட்ஜ், அவற்றை இணைக்க நடுவில் இன்னொரு பிரிட்ஜ்.

கேட்க எளிதாக இருக்கிறது. அமைத்துப் பார்க்கும்போதுதான் "ஒரே இயந்திரத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன்" என்ற நம்பிக்கையை மென்பொருள் எத்தனை இடங்களில் மறைத்து வைத்திருக்கிறது என்று தெரியும். ரூட்டர் வேலையைப் பார்க்கும் எல்3 ஏஜெண்ட் ஒரு ரூட்டருக்கு உருவாக்கும் நேம்ஸ்பேஸின் பெயர் "க்யூரூட்டர்" என்ற முன்னொட்டும் ரூட்டரின் அடையாள எண்ணும் சேர்ந்தது. நிஜ உலகில் இது போதும். ஒரே ரூட்டரை இரண்டு ஹோஸ்டுகளில் தயாராக வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது எழ வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சோதிக்கப் போனால், இரண்டு ஏஜெண்டுகளும் ஒரே பெயரில் நேம்ஸ்பேஸ் உருவாக்க முட்டிக்கொள்ளும். ஆகவே சோதனைக்கென்று ஏஜெண்டுக்கு மேல் ஓர் உறை போட்டு, பெயரின் வாலில் ஹோஸ்டையும் ஒட்ட வேண்டியிருந்தது. இடைமுகப் பெயர்களிலோ வாலை நீட்டவே முடியாது; லினக்ஸில் அதற்கு 15 எழுத்துதான் வரம்பு. "டேப்" என்ற மூன்று எழுத்துக்குப் பின் போர்ட் அடையாளத்தின் முதல் 11 எழுத்தை வைத்து நியூட்ரான் 14இல் முடித்துக்கொள்கிறது. சோதனைகள் இணையாக ஓடும்போது தற்செயல் எழுத்துகளைச் சேர்க்க மிச்சமிருப்பது சொற்ப இடம்.

பகிரப்படும் மற்ற பொருள்களுக்கும் இதே கதைதான். தரவுத்தளம் ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒன்று. ராபிட்எம்க்யூவில் விஹோஸ்ட் என்ற பிரிவு உண்டு. சோதனைக்கு ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றின் செய்தி மற்றதன் காதில் விழாது. டிசிபி போர்ட் எண்களுக்கு, எல்லாச் செயல்முறைகளும் ஒரு கோப்பைப் பூட்டித் திறந்து "இது எனக்கு" என்று எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. இதை அலட்சியப்படுத்திவிட்டு "ஏதோ ஒரு காலிப் போர்ட்டைப் பிடித்துக்கொள்" என்று விட்டால், பிடித்ததற்கும் பயன்படுத்துவதற்கும் இடையிலான கணத்தில் வேறு யாராவது அதை எடுத்துவிடுவார்கள். முகவரிகளில் இன்னொரு பொறி. சோதனைக்கு 10.0.0.0 தொடரில் ஒரு சப்நெட்டை எடுத்துக்கொண்டால், சோதனை ஓடும் இயந்திரமே அந்தத் தொடரில் குடியிருக்கலாம். உங்கள் ரூட் அந்த இயந்திரத்தின் இணைப்பையே துண்டித்துவிடும். ஆர்எஃப்சி 5737 ஆவணங்களுக்கென்று ஒதுக்கிவைத்த 192.0.2.0, 198.51.100.0, 203.0.113.0 என்ற மூன்று /24 துண்டுகள் யாருடைய நிஜ நெட்வொர்க்கிலும் இருக்கக்கூடாதவை என்பதால் சோதனைக்கு வசதி.

இதற்கு மேலே இருப்பது முழு கிளவுட். டெவ்ஸ்டாக் என்ற ஷெல் நிரல்தொகுதி ஒரு புதிய விஎம்மில் ஓப்பன்ஸ்டாக்கை மூலநிரலிலிருந்து நிறுவும். டெம்பெஸ்ட் வெளியிலிருந்து ஏபிஐ வழியாக அதைத் தட்டிப் பார்க்கும். தட்டிப் பார்க்கப் பயன்படும் விஎம் பெரும்பாலும் சிர்ராஸ், இதற்கென்றே செய்த மிகச் சிறிய லினக்ஸ். பழைய வெளியீட்டிலிருந்து புதியதற்கு மேம்படுத்தும்போது எதுவும் உடையவில்லையா என்பதை கிரெனேட் என்ற இன்னொரு ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. இந்த அடுக்கு அவசியம். நோவாவும் நியூட்ரானும் "போர்ட் தயார்" என்ற செய்தியைச் சரியான நேரத்தில் பரிமாறிக்கொள்கின்றனவா என்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் விலை அதிகம். நிறுவவே பல நிமிடங்கள். சோதனை இயந்திரமே ஒரு விஎம் என்பதால் அதற்குள் ஓடும் சிர்ராஸுக்குப் பெரும்பாலும் வன்பொருள் உதவி கிடைக்காது, சிபியுவை முழுக்க மென்பொருளிலேயே போலச்செய்ய வேண்டியிருக்கும். அந்த மந்தத்தில் சிர்ராஸின் கெர்னல் கடிகாரச் சரிபார்ப்பில் குழம்பி எழும்போதே விழுந்ததும் உண்டு. நெட்வொர்க் சோதனை தோற்றதாகத்தான் அறிக்கை வரும். நெட்வொர்க் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

எதை வைத்துச் சோதிப்பது என்பதைப் பேசினோம். எதைக் கேட்பது என்பது அதைவிடக் கடினம். எம்டியு, அதாவது ஒரு கம்பி தாங்கும் பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றிய விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் போக்குவரத்தைப் பிரிக்க கிளவுடுகள் விஎக்ஸ்லேன் போன்ற உறைகளைப் பயன்படுத்துகின்றன. 2014இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியான இந்த முறையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவார்கள். வெளி ஐபி தலைப்பு 20 பைட், யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8, உள்ளிருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14, கூட்டினால் 50. கீழே உள்ள கம்பி 1500 பைட் தாங்குமென்றால் விஎம்முக்கு 1450தான் மிச்சம். இதை விஎம்முக்குச் சொல்ல மறந்தால் என்ன ஆகும்? பிங் போகும், ஏனென்றால் பிங் அனுப்புவது வழக்கமாக 84 பைட். டிசிபி கைகுலுக்கலும் நடக்கும், அதுவும் சிறியது. எஸ்எஸ்எச் மட்டும் சாவி பரிமாறும் கட்டத்தில் பெரிய பாக்கெட்டுகளை அனுப்பி அப்படியே உறைந்து நிற்கும். "பிங் வருகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை" என்ற புகார் ஓப்பன்ஸ்டாக் பராமரித்த எவருக்கும் பழக்கமானது. 2016இல் வந்த மிட்டாக்கா வெளியீட்டில்தான் நியூட்ரான் இந்தக் கணக்கைத் தானே போட்டு விஎம்முக்குச் சொல்லும் வழி சீரானது.

பிங் அடித்து "நெட்வொர்க் வேலை செய்கிறது" என்று முடிவுகட்டும் சோதனைகள் ஆயிரம் இருந்தாலும் இந்தக் குறை அவற்றின் அருகிலேயே குடியிருக்கும். கேட்க வேண்டிய கேள்வி: 1422 பைட் தரவோடு, துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு பிங் போகிறதா, 1423க்குத் தோற்கிறதா. 1422ஓடு ஐபியின் 20, ஐசிஎம்பியின் 8 சேர்ந்தால் சரியாக 1450. எல்லையின் இரு பக்கமும் ஒவ்வோர் அடி வைத்துப் பார்க்கும் இந்த ஒரே சோதனை, எல்லைக்குள் உலாவும் நூறு பிங்குகளுக்குச் சமம். சோதனை இயந்திரமே விஎக்ஸ்லேன் உறைக்குள் ஓடும் விஎம் என்றால் அடிக்கம்பியே 1450 ஆகிவிடும், உள்ளே 1400. 1450 என்ற எண்ணை நிரலில் எழுதிவைத்தவர்கள் அன்று மாட்டுவார்கள்.

நடு அடுக்கு பொய் சொல்வதும் இந்த வட்டாரத்தில்தான். இரண்டு நேம்ஸ்பேஸ்களும் ஒரே கெர்னலில் இருப்பதால், அவற்றுக்கிடையே போகும் பாக்கெட்டின் செக்சம்மைக் கணக்கிடும் வேலையை கெர்னல் தள்ளிப்போட்டுவிடுகிறது. வெளியே எங்கும் போகப்போவதில்லையே, எதற்கு வீண் வேலை என்ற நியாயம். சாதாரண சாக்கெட்டில் கேட்கும் நிரலுக்கு இது தெரியவே தெரியாது. சாக்கெட்டுக்குக் கீழே போய்ப் பச்சையாகப் பாக்கெட்டை வாசிக்கும் பழைய டிஎச்சிபி கிளையண்டுகளோ செக்சம் தவறு என்று பதிலைத் தூக்கி எறிந்தன. விஎம்முக்கு முகவரியே கிடைக்காது. நியூட்ரானின் டிஎச்சிபி ஏஜெண்ட் 68ஆம் போர்ட்டுக்குப் போகும் யுடிபிக்குச் செக்சம்மை நிரப்பச் சொல்லும் ஐபிடேபிள்ஸ் விதி ஒன்றைப் போட்டுவைத்தது இதனால்தான். பொம்மை விஎம்முக்கு முகவரியைக் கையால் கொடுத்துவிடும் சோதனையில் இது தலைகாட்டாது. சில சோதனைகளிலாவது நேம்ஸ்பேஸுக்குள் டிஎச்சிபி கிளையண்டையே ஓட்டுவதும், ஈதிடூலால் இந்தச் சலுகைகளை அணைத்துவிட்டு ஓட்டுவதும் இந்தப் பொய்யைப் பாதியாவது குறைக்கும்.

அடுத்த கடினம், நடக்காததை நிரூபிப்பது. பாதுகாப்பு விதியின் வேலையே பாக்கெட்டைப் போகவிடாமல் தடுப்பது. "பிங் வரவில்லை, ஆகவே ஃபயர்வால் வேலை செய்கிறது" என்று ஒரு சோதனை சொன்னால், கம்பியே இணைக்கப்படாத நிலையிலும் அது வெற்றியைத்தான் அறிவிக்கும். ஆகவே தடுப்பைச் சோதிக்குமுன் அனுமதியைச் சோதிக்க வேண்டும்: முதலில் விதியைத் திறந்து போகிறதென்று காட்டி, பின் மூடி நின்றதென்று காட்டி, மறுபடி திறந்து போகிறதென்று காட்ட வேண்டும். குபர்னெட்டிஸ்காரர்கள் இதில் ஒரு படி மேலே போனார்கள். நெட்வொர்க்பாலிசி சோதனைகளைத் திருத்தி எழுதியபோது மூன்று குபர்னெட்டிஸ் நேம்ஸ்பேஸ்களில் (லினக்ஸின் நேம்ஸ்பேஸ் வேறு) மும்மூன்றாக ஒன்பது பாட்களை வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் என 81 இணைப்புகளையும் முயன்று, முடிவை முழு அட்டவணையாக ஒப்பிட்டார்கள். கேட்ட தடுப்பு விழுந்ததா என்பதோடு, கேட்காத தடுப்பு எங்காவது விழுந்துவிட்டதா என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்தத் துறையில் நான் பார்த்த மிக அழகான சோதனை வடிவம் இதுவே.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கெர்னலின் கான்ட்ராக் ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும். விதியை நீக்கினாலும் பழைய இணைப்பு உயிரோடு தொடரலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக இணைத்துப் பார்க்கும் சோதனைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தாக்குபவர் திறந்துவைத்த பழைய இணைப்பு மூடவில்லை என்பது தெரியாது. நியூட்ரான் இந்தக் குறையோடு சில காலம் வாழ்ந்துதான் கான்ட்ராக் பதிவுகளை அழிக்கும் நிரலைச் சேர்த்தது. இதைப் பிடிக்க வேண்டுமானால் விதி மாறும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நீண்ட இணைப்பு சோதனையில் இருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நியூட்ரானில் எதுவும் உடனே நடப்பதில்லை. செய்தி போக வேண்டும், ஏஜெண்ட் விழிக்க வேண்டும். சோதனையில் பத்து வினாடி உறங்கு என்று எழுதுவது எளிது. வேகமான இயந்திரத்தில் ஒன்பது வினாடி வீண், மெதுவான இயந்திரத்தில் பத்தும் போதாது. நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பத் திரும்பக் கேட்டு, ஓர் உச்சவரம்பில் கைவிடுவதே வழக்கம். ஓப்பன் விஸ்விட்ச்காரர்கள் இதில் தைரியசாலிகள். அவர்களுடைய சோதனைகளில் மென்பொருளின் கடிகாரத்தையே நிறுத்திவைத்து, வேண்டிய அளவு முன்னே தள்ளுவதற்குத் தனிக் கட்டளைகள் உண்டு. கடிகாரம் தன் கையில் இருக்கும் மென்பொருளுக்கு அது சாத்தியம். பைதானில் எழுதிய சர்வர், எர்லாங்கில் எழுதிய செய்தித் தரகர், சி மொழியில் எழுதிய ஸ்விட்ச் என்று ஐந்து செயல்முறைகள் ஐந்து கடிகாரங்களோடு ஓடும் இடத்தில் அது முடியாது.

அதனால் சோதனைகள் ஆட்டம் காண்கின்றன. நிரலில் தவறில்லாமலே ஆயிரத்தில் ஒரு முறை தோற்கும் சோதனை நல்ல சோதனை என்றுதான் தோன்றும். அப்படி 500 சோதனைகள் ஒரே ஓட்டத்தில் இருந்தால், ஓட்டம் எங்காவது ஓரிடத்தில் தோற்பதற்கான வாய்ப்பு 39 சதவீதம். ஓப்பன்ஸ்டாக்கில் இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. அங்கே நிரலை யாரும் நேரடியாக இணைக்க முடியாது. ஜூல் என்ற காவலாளிதான் இணைக்கும். கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் வரும் வாயில்காப்போனின் பெயர் அது, 2012இல் வைத்தது. வரிசையில் நிற்கும் மாற்றங்களை ஜூல் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து சோதிப்பதில்லை. முன்னால் நிற்பவை எல்லாம் வெற்றி பெறும் என்று ஊகித்து, அவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறது. ஊகம் பலித்தால் இருபது மாற்றங்கள் ஒன்றின் நேரத்தில் உள்ளே போகும். முன்னால் ஒன்று தோற்றால், பின்னால் நிற்கும் அத்தனையும் அதை விலக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒவ்வொரு மாற்றமும் காரணமின்றித் தோற்க 5 சதவீத வாய்ப்பு இருந்தால், இருபது பேர் வரிசை தடங்கலின்றி நகர 36 சதவீத வாய்ப்புதான்.

தோற்றவர் செய்வது என்ன? "ரீசெக்" என்று ஒரு சொல் எழுதுவார். எல்லாம் மீண்டும் ஓடும். பெரும்பாலும் இம்முறை பச்சை. நிஜமான பந்தயக் குறைகள் உள்ளே நுழையும் வாசல் இந்தப் பழக்கமே. ஐம்பதில் ஒரு முறை ஏஜெண்ட் செய்தியைத் தவறவிடுகிறது என்றால் அது சோதனையின் ஆட்டமா, மென்பொருளின் நோயா? இயந்திரங்கள் நூற்றுக்கணக்கில் உள்ள வாடிக்கையாளருக்கு அது தினமும் நடக்கும். 2013இல் எலாஸ்டிக்-ரீசெக் என்ற கருவியை ஓப்பன்ஸ்டாக் சமூகம் எழுதியது இதற்காகத்தான். தோற்ற ஓட்டங்களின் பதிவுகளில் தேடி, தெரிந்த குறை ஒவ்வொன்றின் கைரேகையையும் பொருத்திப் பார்த்து, "நீங்கள் இந்தக் குறையில் மாட்டியிருக்கிறீர்கள்" என்று அது சொன்னது. எந்தக் குறை எத்தனை முறை அடிக்கிறது என்ற கணக்கு கிடைத்தபின்தான் எதை முதலில் சரிசெய்வது என்ற விவாதத்துக்கே பொருள் வந்தது. பதிவுகளை முழுமையாகச் சேமிக்காத ஒருங்கிணைப்புச் சோதனை பாதிச் சோதனை. தோற்ற கணத்தில் நேம்ஸ்பேஸ்கள், ரூட்டுகள், ஐபிடேபிள்ஸ், ஓட்ட விதிகள் எப்படி இருந்தன என்று கொட்டிவைக்காமல், சுத்தம் செய்யும் நிரல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் துப்புத் துலக்க எதுவும் மிஞ்சாது.

சொந்த கிளவுட் இல்லாமல் அமேசான், அஸூர் மீது மென்பொருள் எழுதுபவர்களுக்கு நடு அடுக்கு கிடையாது. கெர்னல் அவர்கள் கையில் இல்லை. டெராஃபார்ம் வழங்குநர் நிரல்களின் ஏற்புச் சோதனைகள் நிஜமான கணக்கில் நிஜமான பொருள்களை உருவாக்கி அழிக்கின்றன. பில் வரும் என்பதால், வேண்டுமென்றே ஒரு சூழல் மாறியை அமைத்தால்தான் அவை ஓடும். அமேசானில் ஒரு பிராந்தியத்துக்கு ஐந்து விபிசி, ஐந்து எலாஸ்டிக் ஐபி என்பதே தொடக்க வரம்பு. நான்கு பேர் ஒரே நேரத்தில் சோதனை ஓட்டினாலே முட்டும். சோதனை நடுவில் இறந்தால் மிச்சமிருப்பவற்றைக் கூட்டிப் பெருக்கும் "ஸ்வீப்பர்" நிரல்களையும் எழுத வேண்டும். அதிலும் விபிசியை அழிக்கப் போனால், லாம்டா விட்டுச்சென்ற நெட்வொர்க் இடைமுகம் உடனே விடுபடாமல், சார்பு இருக்கிறது என்று மறுப்பு வரும். லோக்கல்ஸ்டாக் போன்ற போலிகள் ஏபிஐயின் வடிவத்தைச் சரிபார்க்க உதவும். பாக்கெட் போகுமா என்ற கேள்விக்கு அவற்றின் பதிலை நான் நம்பமாட்டேன்.

வேறு இரண்டு பாதைகளும் உண்டு. ஒன்று, எதையும் ஓட்டாமல் கணக்குப் போட்டே தீர்மானிப்பது. 2015இல் வந்த பேட்ஃபிஷ் ரூட்டர் கட்டமைப்புக் கோப்புகளைப் படித்து நெட்வொர்க்கின் மாதிரியைக் கட்டியது. அமேசானின் டைரோஸ் விபிசி அமைப்புகளைத் தர்க்க வாக்கியங்களாக்கி "இங்கிருந்து அங்கே போக முடியுமா" என்று கேட்டது. எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்துவிடும் வல்லமை இவற்றுக்கு உண்டு. மாதிரி தவறாக இருந்தால் தவறை வல்லமையோடு சொல்லும். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் 2017இல் விவரித்த கிரிஸ்டல்நெட். தயாரிப்பாளர்களின் நிஜமான ஸ்விட்ச் மென்பொருளையே அஸூரின் விஎம்களில் ஓட்டி, நிஜ நெட்வொர்க்கின் பெரும்பகுதியைப் போலச்செய்தார்கள். அந்த ஆய்வுத்தாளில் என்னைக் கவர்ந்தது அளவு இல்லை, எல்லை. எங்கே நிஜத்தை நிறுத்திப் பொம்மையைத் தொடங்கலாம், எந்த நிபந்தனையில் அந்தப் பொம்மை நிஜத்தின் முடிவைக் கெடுக்காது என்பதற்கு அவர்கள் நிரூபணம் தர முயன்றிருக்கிறார்கள். நாமெல்லாம் கண்ணால் குறித்து வெட்டும் கோட்டுக்கு அவர்கள் அளவுகோல் வைத்தார்கள்.

வெட்டும் கோடு நிலையானதும் இல்லை என்பதை நியூட்ரானின் அண்மை வரலாறு காட்டுகிறது. ஓப்பன் விஸ்விட்ச் குழுவினர் 2015இல் அறிவித்த ஓவிஎன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் மென்பொருள், 2020இல் வந்த உசூரி வெளியீட்டில் நியூட்ரானின் மூலநிரலுக்குள்ளேயே வந்துவிட்டது. அதில் எல்3 ஏஜெண்டும் டிஎச்சிபி ஏஜெண்டும் தேவையில்லை. ரூட்டர் என்பது ஓட்ட விதிகளின் தொகுப்பு. டிஎச்சிபி கேள்விக்கு ஒவ்வொரு ஹோஸ்டிலும் உள்ள ஓவிஎன் கட்டுப்பாட்டு நிரலே பதில் சொல்லிவிடும். ரூட்டரை உருவாக்கிவிட்டு அதற்கான நேம்ஸ்பேஸ் எழுந்ததா என்று எட்டிப் பார்த்த வெள்ளைப்பெட்டிச் சோதனைகளுக்கு அங்கே பார்க்க எதுவும் இல்லை. ஏபிஐயிடம் கேட்டுவிட்டு பாக்கெட் போகிறதா என்று மட்டும் பார்த்தவை பின்தளம் மாறியும் பிழைத்தன. ஃபுல்ஸ்டாக்கின் பெருமையாகச் சொல்லப்பட்டது உள்ளே எட்டிப் பார்க்கும் வசதிதான்; வயதானபின் பாரமானதும் அதுவே. எட்டிப் பார்ப்பது தோல்விக்குக் காரணம் தேட இருக்கட்டும், வெற்றியைத் தீர்மானிக்க வேண்டாம் என்பேன்.

ஓவிஎன் தன் சோதனைகளை இரண்டாகவே வைத்திருக்கிறது. போலி இடைமுகங்களோடு, ரூட் அனுமதியில்லாமல், யாருடைய மடிக்கணினியிலும் ஓடுபவை ஒருபுறம். பாக்கெட்டை அனுப்பாமலே அது எந்த விதிகள் வழியாகப் போகும் என்று சொல்லும் ஓவிஎன்-டிரேஸும் அந்தப் பக்கம்தான். நேம்ஸ்பேஸ்கள், நிஜக் கெர்னல், ரூட் அனுமதி என்று கேட்டு ஓடுபவை மறுபுறம். முகவரி மாற்றத்தையும் சுமைப்பங்கீட்டையும் நிஜப் போக்குவரத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று பார்த்தால், கான்ட்ராக்கைத் தொடுபவற்றை அந்தக் குழு பெரும்பாலும் கெர்னலிடமே கேட்கிறது என்பது தெரியும்.